ட்ரோல்: கலாய்ப்பவர் அல்ல, வம்பிழுப்பவர்

நம் ஊர் இணையத்தில் ட்ரோல் என்றால் கலாய்ப்பது. ஒரு படம் ஓடவில்லை, மீம் போட்டுத் தள்ளுகிறார்கள், மறுநாள் "நெட்டிசன்கள் ட்ரோல்" என்று செய்தி வருகிறது. அந்தப் பொருள் தமிழில் வேர்விட்டுவிட்டது, சரி, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒரு விவாதக் குழுவில் புதிதாகச் சேருகிறவருக்கு இந்த ஒரு பொருள் மட்டும் தெரிந்திருந்தால் போதாது, ஏனென்றால் அசல் ட்ரோல் உங்களைக் கிண்டலே செய்யமாட்டார், மிகப் பணிவாக ஒரு சந்தேகம் கேட்பார்.

ஸ்காண்டிநேவிய நாட்டுப்புறக் கதைகளில் மலையிலும் பாலத்தடியிலும் இருக்கும் பூதத்துக்கும் இதே பெயர்தான். ஆனால் இணையத்துக்கு இந்தச் சொல் மீன்பிடியிலிருந்து வந்தது என்பதே பொருந்துகிறது. ஓடும் படகுக்குப் பின்னால் இரை கோத்த தூண்டிலை இழுத்துக்கொண்டே போய் மீன் பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் ட்ரோலிங் என்று பெயர். (வலையை இழுத்துப் போகும் டிராலர், அதாவது இழுவைப் படகு, வேறு.) 1990களின் தொடக்கத்தில் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் களத்தில், ஊரில் உலவும் வதந்திகளை அலசும் குழு ஒன்று இருந்தது. அங்கே எல்லோரும் பேசிப் பேசிச் சலித்துப்போன ஒரு கதையை, பழைய ஆள் ஒருவர் ஒன்றுமே தெரியாதவர் மாதிரி எடுத்துப் போடுவார். விஷயம் தெரிந்தவர்கள் கடந்து போய்விடுவார்கள், புதிதாக வந்தவர் மட்டும் "ஐயோ, அது தப்புங்க" என்று பத்தி பத்தியாக விளக்கம் எழுதுவார். இதைப் புதியவர்களுக்குத் தூண்டில் போடுவது என்றே அவர்கள் சொன்னார்கள். அன்று அது விளையாட்டு. அப்புறம்தான் இரையில் விஷம் சேர்ந்தது, வீசுகிற ஆளுக்கும் ட்ரோல் என்றே பெயராகி, அந்தப் பூதத்தின் முகமும் வந்து ஒட்டிக்கொண்டது.

இதற்குத் தமிழில் புதுச்சொல் ஆக்க வேண்டியதே இல்லை என்பது என் கருத்து. வம்பிழுப்பது என்று தினமும் சொல்கிறோமே, அதுதான். அதிலும் இழுப்பு இருக்கிறது, எதிராளி சிக்கவேண்டும் என்ற நோக்கமும் இருக்கிறது. வம்பு பழைய சொல். தொல்காப்பியம் 'வம்பு நிலையின்மை' என்கிறது, பருவம் தப்பிப் பெய்யும் மழை வம்ப மாரி, ஊருக்குப் புதிதாக வந்த வழிப்போக்கர் வம்பலர். ஆக ட்ரோலுக்கு வம்பிழுப்பவர், அவர் செய்வதற்கு வம்பிழுப்பு. கேள்விமேல் கேள்வி கேட்டுக் கோபப்படவைத்து, அந்தக் கோபத்தில் நீங்கள் கொட்டிய ஒரு வரியை மட்டும் எடுத்து ஊரெல்லாம் காட்டுகிறவர் செய்வதை, வாயைப் பிடுங்குவது என்று இன்னும் துல்லியமாகச் சொல்லலாம்.

ஊடுருவி வேறு வகை. அவர் சண்டைக்கு வருவதில்லை, உங்களில் ஒருவராக உட்கார்ந்து, உங்களைவிடத் தீவிரமாகப் பேசுவார். 2016 மே மாதம் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஓர் இஸ்லாமிய மையத்தின் முன்னால், ஒரே நாளில் ஒரே நேரத்தில் இரண்டு கூட்டங்கள் எதிரெதிரே கூடின. ஒன்றுக்கு 'ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்' என்ற ஃபேஸ்புக் பக்கம் ஆள் கூப்பிட்டிருந்தது, இன்னொன்றுக்கு 'யுனைடெட் முஸ்லிம்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற பக்கம். இரண்டையும் நடத்தியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கிலிருந்து போலிக் கணக்குகளை இயக்கிய இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி என்ற நிறுவனம். ஆன செலவு சுமார் 200 டாலர் என்று 2017இல் அமெரிக்க செனட்டின் உளவுத்துறை விவகாரக் குழு நடத்திய விசாரணையில் வெளிவந்தது. வந்து நின்றவர்களோ நிஜமான உள்ளூர் மனிதர்கள், நிஜமான கோபத்தோடு வந்தவர்கள், அதுதான் மனதை உறுத்துகிறது. ஊடுருவி என்ற சொல் ஆள் உள்ளே வந்ததை மட்டும்தான் சொல்லும், வந்து என்ன செய்தார் என்பதற்குச் சிண்டுமுடிதல் என்ற நம் சொல் இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா, முதல் சில வாரம் படியுங்கள், பதில் எழுத அவசரப்படாதீர்கள். உங்கள் பதிலைக் காதில் வாங்காமல் அதே கேள்வியை வேறு வார்த்தையில் திருப்பிப் போடுகிறவர், "நானும் உங்க ஆள்தான், ஆனா..." என்று ஆரம்பித்து ஒவ்வொரு முறையும் இரண்டு உறுப்பினர்களை மோதவிட்டுப் போகிறவர், வந்த வேகத்தில் தனிச்செய்தியில் நெருங்கி இன்னொருவரைப் பற்றிக் குறை சொல்கிறவர், இவர்களிடம் கவனம். குழுவை நடத்துகிறவருக்குத் தனியாகச் சொல்லுங்கள். பொதுவில் சண்டைக்குப் போனால் அவர் கேட்டதை நீங்களே கொடுத்த மாதிரி.

பழைய உறுப்பினர்களுக்கும் ஒன்று. ஆய்வாளர் ஜூடித் டோனத் 1990களின் இறுதியிலேயே எழுதினார்: வம்பிழுப்பவர்களால் அடிபட்ட குழு, விவரம் தெரியாமல் நேர்மையாகக் கேட்கிறவரையும் சந்தேகப்பட்டு விரட்டத் தொடங்கிவிடும். எனக்கு வம்பிழுப்பவரைவிட இதுதான் பெரிய கவலை. யார் என்ன கேட்டாலும் முதல் தடவை ஒழுங்காகப் பதில் சொல்லிவிடுங்கள், அதை அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு அப்புறம் பெயர் வைக்கலாம்.