ரீஃபண்ட்: திரும்பப் பெறுதலா, திருப்பித் தருதலா?

இணையக் கடை ஒன்றில் வாங்கிய மிக்ஸி ஜார், கைப்பிடியில் விரிசலோடு வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பினோம். நான்காம் நாள் அம்மாவின் கைப்பேசிக்குத் தமிழிலேயே ஒரு குறுஞ்செய்தி வந்தது: ‘உங்கள் பணம் திரும்பப் பெறப்பட்டது.’ அம்மா பதறிவிட்டார். “மறுபடியும் நம் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிட்டார்களா?”

அவர் படித்தது சரி. எழுதியதுதான் தவறு. ரீஃபண்ட் என்பது விற்றவர் செய்யும் செயல். ‘பெறப்பட்டது’ என்றவுடன் வாங்கிக்கொண்டவர் கடைக்காரர் ஆகிவிடுகிறார். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று ஜவுளிக்கடை ரசீதின் அடியில் எத்தனை ஆண்டுகளாகப் படித்து வருகிறோம்! அங்கே பெற மறுப்பவர் கடைக்காரர்தானே.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ஃபுண்டெரே’ என்றால் ஊற்றுதல். ‘ரெஃபுண்டெரே’ என்றால் வந்த இடத்துக்கே மறுபடி ஊற்றுதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, பிறகு பணத்துக்கு ஆகியது. நிதியைக் குறிக்கும் ‘ஃபண்ட்’ இதற்கு உறவில்லை. அது அடித்தளம் என்று பொருள்படும் ‘ஃபுண்டுஸ்’ என்ற வேறு சொல்லிலிருந்து வந்தது. உலோகத்தை உருக்கி ஊற்றும் ‘ஃபவுண்டரி’தான் ரீஃபண்டின் உண்மையான உறவு. தமிழிலும் தண்ணீர் வார்ப்பதும் இரும்பு வார்ப்பதும் ஒரே சொல்தான்.

‘ரிட்டர்ன்’ வேறு, ‘ரீஃபண்ட்’ வேறு. முன்னது பொருள் கடைக்குப் போவது, பின்னது பணம் வீட்டுக்கு வருவது. அனுப்பும் முன்பே ஆர்டரை ரத்து செய்தால் ரிட்டர்ன் இல்லாமலே ரீஃபண்ட் உண்டு. அளவு மாற்றிச் சட்டை வாங்கினால் ரிட்டர்ன் உண்டு, ரீஃபண்ட் இல்லை. அதே கடையில் மட்டும் செலவழிக்கக்கூடிய வாலட்டில் தொகையை ஏற்றிவிட்டு ரீஃபண்ட் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஊற்றிய பாத்திரத்துக்கே திரும்பினால்தான் அந்தச் சொல் பொருந்தும்.

தமிழில் என்ன சொல்வது? ‘வாபஸ்’ பாரசீகத்திலிருந்து வந்து நன்றாக வேரூன்றிய சொல்; ஆனால் வேட்புமனுவுக்கும் வழக்குக்கும் அது பழகிவிட்டது. ‘பணமீட்பு’ என்றால் கடன்காரரிடம் வசூலிப்பது போல ஒலிக்கிறது. ‘மீளளிப்பு’ சுருக்கமானது, இலக்கணத்தில் குறையில்லை. ஆனாலும் ‘அளி’ என்பதில் அருளும் இரக்கமும் கலந்திருக்கின்றன. நம் பணத்தை நமக்குத் தருவதில் அருள் எங்கே வந்தது?

ஒன்றைத் தரும்படி பிறரிடம் கேட்கும் சொற்களைத் தொல்காப்பியம் மூன்றாகப் பிரிக்கிறது: தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் ‘ஈ’ என்பார், ஒத்தவர் ஒத்தவரிடம் ‘தா’ என்பார், உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் ‘கொடு’ என்பார். விற்பவரும் வாங்குபவரும் ஒத்தவர்கள். ஆகவே ‘திருப்பித் தருதல்’ என்பதே என் தேர்வு. ‘திரும்பு’ தானாக நிகழ்வது. ‘திருப்பு’ ஒருவர் செய்ய வேண்டியது. அந்த ஒற்றை எழுத்தில் கடைக்காரரின் கடமை இருக்கிறது.

இந்தியச் சட்டமும் அதைக் கடமையாகவே பார்க்கிறது. குறையுள்ள பொருளை எடுத்துக்கொண்டு, ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், பணத்தைத் தர மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறை. புகாருக்கு 1915 என்ற எண் இருக்கிறது. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதெல்லாம் வேறு. அங்கே கடை முன்கூட்டி அறிவித்த விதிதான் பேசும். ‘ரீஃபண்ட் பாலிசி’ என்பதில் வரும் ‘பாலிசி’யைக் ‘கொள்கை’ என்று பெயர்க்காமல் ‘விதிகள்’ என்று எழுத வேண்டும் என நான் சொல்வதும் இதனால்தான். கொள்கை என்பது ஒருவர் நம்புவது, விதி என்பது அவரைக் கட்டுப்படுத்துவது.

அந்தக் குறுஞ்செய்தி இப்படி இருந்திருக்கலாம்: ‘உங்கள் பணத்தை உங்கள் வங்கிக் கணக்குக்கே திருப்பி அனுப்பிவிட்டோம்.’