காத்திருக்கும் புத்தகங்களின் கணக்கு

படிக்க வேண்டும் என்று குறித்துவைத்த புத்தகங்களின் பட்டியல் ஏன் குறைவதே இல்லை? சோம்பல், நேரமின்மை, கைப்பேசி என்று ஆளுக்கொரு காரணம் சொல்வோம். உண்மையில் அந்தப் பட்டியல் ஒரு வரிசை. வரிசைகளுக்கென்று தனிக் கணிதமே இருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் அழைப்புகளை ஆராய்ந்த டென்மார்க் கணிதவியலாளர் எர்லாங் 1909-இல் அதற்கு வித்திட்டார்.

அந்தத் துறையின் மிக எளிய விதியை 1961-இல் ஜான் லிட்டில் நிறுவினார். நிலையாக இயங்கும் எந்த வரிசையிலும், உள்ளே வரும் வேகத்தைச் சராசரிக் காத்திருப்பால் பெருக்கினால் வரிசையின் நீளம் கிடைக்கும். உங்கள் பட்டியலில் 300 புத்தகங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு 20 படிக்கிறீர்கள், 20 சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு புத்தகத்தின் சராசரிக் காத்திருப்பு 15 ஆண்டுகள். சேர்ப்பது 30 ஆகிவிட்டால் வரிசை நிலைகொள்ளாது. ஆண்டுதோறும் பத்துப் பத்தாக நீளும். வேகமாகப் படிக்கப் பழகுவதெல்லாம் இங்கே அவ்வளவாக எடுபடாது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஒருமுறை போய்வந்தால் போதும், ஆறு மாத வாசிப்பு கணக்கில் காணாமல் போய்விடும்.

லிட்டில் விதியில் எனக்குப் பிடித்த அம்சம் அதன் அலட்சியம்தான். வரிசையிலிருந்து ஒன்று எப்படி வெளியேறியது என்று அது கேட்பதில்லை. படித்து முடித்தாலும் கணக்கு ஒன்றே, படிக்காமல் அடித்துவிட்டாலும் கணக்கு ஒன்றே. ஆண்டுக்கு 30 வந்து 20 படிக்கப்பட்டால், மீதிப் பத்தை நீக்கியே ஆகவேண்டும். சராசரிக் காத்திருப்பு இரண்டு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்றால் பட்டியலில் 60 புத்தகங்களுக்கு மேல் இருக்க முடியாது.

சரி, எந்தப் பத்து? இந்தக் கேள்வியோடு நம்மைவிட அதிகம் மல்லுக்கட்டியவர்கள் நூலகர்கள். சென்னையில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்துவிட்டு, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் கடைசி விதி நூலகத்தை வளரும் உயிர் என்கிறது. இதை இடமும் நிதியும் கேட்பதற்கான வாசகமாகவே பலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அவர் தந்த விளக்கத்திலேயே, வளரும் உயிர் புதியதை ஏற்பதோடு பழையதைக் கழிக்கவும் செய்யும் என்பது இருக்கிறது.

எதைக் கழிப்பது என்பதற்கு 1970-களில் அமெரிக்க நூலகங்களில் ஆதாரம் திரட்டினார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகம் 1969-இல் வாங்கிய நூல்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஏறத்தாழ 40 சதவீத நூல்களை முதல் ஆறு ஆண்டுகளில் யாருமே இரவல் எடுக்கவில்லை. புதிதாக வந்த நூலை என்றாவது ஒருவர் எடுப்பதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்றைவிடச் சற்று அதிகம். இரண்டு ஆண்டுகள் சீண்டப்படாமல் கிடந்தால் அது நான்கில் ஒன்றாகிறது. ஆறு ஆண்டுகள் கிடந்தால் ஐம்பதில் ஒன்று. பேராசிரியர்கள் பலர் இந்த ஆய்வை ஏற்காமல் கடுமையாகச் சண்டையிட்டார்கள். அதே காலத்தில் ஸ்டான்லி ஸ்லோட் என்ற நூலகவியலாளர், ஒரு நூல் கடைசியாக எப்போது அலமாரியை விட்டு வெளியே போனது என்பதே அதன் எதிர்காலத்தைச் சிறப்பாகச் சொல்லும் அளவுகோல் என்று வாதிட்டார். ஆசிரியர் பெயரோ அறிஞர் பரிந்துரையோ அந்த அளவுக்குத் துப்புக் கொடுப்பதில்லை.

கால அட்டவணைப்படி ஓடும் பேருந்துக்கு எவ்வளவு நேரம் நிற்கிறோமோ அவ்வளவுக்கு அது நெருங்கிவிட்டது என்று நம்பலாம். புத்தக விஷயத்தில் நடப்பது நேரெதிர். காத்திருப்பு நீள நீள வாய்ப்பு சுருங்குகிறது. நாம் படிக்க எடுப்பது பெரும்பாலும் அண்மையில் சேர்த்ததைத்தான். ஆர்வம் சூடாக இருக்கும்போது கையில் எடுக்கப்படாதவை அடியில் தங்கி, அங்கேயே நிலைத்துவிடுகின்றன.

அடியில் தங்குபவை எந்த வகை என்பதற்கும் ஒரு தடயம் கிடைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இணையம் வழியே திரைப்பட டிவிடிகளை வாடகைக்குக் கொடுத்த ஒரு நிறுவனத்தின் பதிவுகளை மில்க்மன், ரோஜர்ஸ், பேசர்மன் ஆகிய மூவரும் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். ஆவணப்படம் போன்ற, 'பார்த்தாக வேண்டிய' வகைப் படங்களை வாடிக்கையாளர்கள் வெறும் பொழுதுபோக்குப் படங்களைவிட அதிக நாள் பார்க்காமல் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். நாளைக்கென்று தேர்ந்தெடுக்கும்போது நாம் உயர்ந்த ரசனைக்காரர்கள். இன்றிரவு என்று வரும்போதுதான் உண்மை முகம் தெரிகிறது. பொருளியல் வரலாறு, ஆயிரம் பக்க ருஷ்ய நாவல், தத்துவ அறிமுகம் ஆகியவை பட்டியலின் அடிப்பகுதியில் குவிவதை இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

தெரிந்தும் நீக்கக் கை வராததற்குக் காரணம் வேறு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கானமன், நெட்ச், தாலர் நடத்தி 1990-இல் வெளியிட்ட சோதனைகளில், மாணவர்களில் பாதிப்பேருக்குச் சாதாரணக் காபிக் கோப்பைகள் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. சில நிமிடங்களிலேயே அதைக் கையில் வைத்திருந்தவர்கள், வாங்க வந்தவர்கள் தரத் தயாராக இருந்ததைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விலை கேட்டார்கள். நம்முடையது ஆனதுமே பொருளின் மதிப்பு ஏறிவிடுகிறது. பட்டியலில் எழுதிய பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது என்பது என் ஊகம். அதனால் 'இதை நீக்கலாமா?' என்று கேட்டால் விடை எப்போதும் 'இருக்கட்டும்' என்றே வரும். 'இது பட்டியலில் இல்லாதிருந்தால் இன்று சேர்ப்பேனா?' என்று கேட்டுப் பாருங்கள்.

நூலகக் கணக்கை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவர முடியாது என்பதும் உண்மை. நூலகம் ஒரு பிரதியைக் கழித்துவிட்டால் அது திரும்பக் கிடைக்காமல் போகலாம். பட்டியலில் ஒரு வரியை அடிப்பதில் அந்த ஆபத்து இல்லை. தமிழில் சில நூறு பிரதிகளோடு நின்றுபோகும் நூல்கள் ஏராளம். அவற்றைக் கண்ட இடத்தில் வாங்கிவைப்பது நியாயமானதே; ஆனால் அது சேமிப்பு. அலமாரியில் இருப்பதெல்லாம் படிக்கும் பட்டியலிலும் இருக்க வேண்டியதில்லை.

ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சேர்த்த தேதியையும், யார் சொல்லி அல்லது எதற்காகச் சேர்த்தோம் என்பதையும் குறித்து வையுங்கள். இரண்டு ஆண்டுகள் தாண்டியவற்றை வேறு தாளுக்கு மாற்றிவிடலாம். அவற்றில் ஒன்றின் பெயர் மறுபடி எங்கோ கண்ணில் பட்டு ஆர்வம் கிளம்பினால், புதிய தேதியோடு உள்ளே வரட்டும். இரண்டாம் முறை வந்ததையும் தொடாமல் விட்டால், அந்தத் தாளில்கூட அதற்கு இடம் வேண்டாம்.