யூனிட்டுக்கு 46 டாலர், மீதிப் பணம் எங்கிருந்து? கலிஃபோர்னிய சமுதாயக் கல்லூரிகளின் நிதிக் கணக்கு

கலிஃபோர்னியாவில் முக்கியமாக இரண்டாண்டுப் படிப்புகளை நடத்தும் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தின் அளவைக் கணக்கிடும் ஓர் அலகுக்கு, கட்டணம் 46 டாலர். 2012 முதல் இதே தொகைதான். வருடத்துக்கு 30 யூனிட் எடுத்தால் 1,380 டாலர் ஆகிறது. 1984 வரை இந்தக் கட்டணம்கூட இல்லை.

மாநிலவாசி என்று காட்ட, பருவம் தொடங்கும் முன் ஓராண்டுக்கு மேல் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் வந்தவர்களுக்கும் இந்த வழி உண்டு. சிலிக்கான் பள்ளத்தாக்கில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர்களுக்குக் கிடையாது, அவர்கள் வெளிமாநிலக் கட்டணம்தான் கட்ட வேண்டும். வருமானம் குறைந்த மாநிலவாசிகளுக்கு ‘கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட்’ அந்த 46 டாலரையும் தள்ளுபடி செய்துவிடும். புத்தகச் செலவு அதில் சேராது. மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்ஸா படிவத்தை நிரப்பினாலே பெரும்பாலும் இதற்கும் விண்ணப்பித்ததாகிவிடும்.

கட்டணம் இவ்வளவு குறைவு என்றால் கல்லூரியை நடத்தும் பணம் வேறெங்கிருந்தோ வரவேண்டும். உள்ளூர் சொத்து வரி ஒரு பங்கு, மாநில அரசின் பொது நிதி ஒரு பங்கு. 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய முன்மொழிவு 13 சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்தோடு கட்டிப்போட்டது. அன்றிலிருந்து மாநில அரசின் கைதான் ஓங்கியது. 1988-இன் முன்மொழிவு 98, பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரு குறைந்தபட்சத் தொகையை உறுதி செய்கிறது. அதில் கல்லூரிகளுக்கு வழக்கமாகச் சேர்வது ஏறக்குறைய 11 சதவீதம். சான் மாட்டேயோ, மரின் போல வீட்டு விலை எகிறிய இடங்களில் சொத்து வரியே தேவைக்கு மேல் வந்துவிடுகிறது. அந்த உபரி அவர்களிடமே தங்கும்.

2018-19 முதல் பங்கீட்டுக்கு ஒரு சூத்திரம் வந்தது. தொகையில் சுமார் 70 சதவீதம் சேர்க்கையைப் பொறுத்தது, 20 சதவீதம் ஏழை மாணவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது, 10 சதவீதம் பட்டம் பெறுவது, பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போவது போன்ற விளைவுகளைப் பொறுத்தது. சேர்க்கை என்றால் தலைக்கணக்கு அல்ல. 525 வகுப்பு மணிநேரம் ஒரு முழுநேர மாணவருக்குச் சமம். வாரம் 15 மணிநேரமாக 35 வாரம். வேலைக்குப் போய்க்கொண்டே மாலையில் ஒரு வகுப்பு மட்டும் எடுப்பவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தால்தான் கணக்கில் ‘ஒருவர்’ ஆகிறார்கள். ஆனால் கல்விக் கடன் பற்றி, பாடத் தேர்வு பற்றி சந்தேகம் கேட்க வரிசையில் நிற்பது அந்த நான்கைந்து பேருமேதான்!

விளைவுக்குப் பணம் தருவது கேட்க நன்றாக இருக்கும். வாஷிங்டன் மாநிலத்தில் இப்படிச் செய்து பார்த்ததை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2015-இல் வெளியானது. அங்கே கூடியது குறுகிய காலச் சான்றிதழ்கள்; இரண்டாண்டுப் பட்டங்கள் கூடவில்லை. எளிதில் எட்டுவதை நோக்கிக் கல்லூரிகள் நகர்ந்துவிட்டன. கலிஃபோர்னியா 16 யூனிட்டுக்குக் குறைந்த சான்றிதழ்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது புத்திசாலித்தனம்தான்.

அப்படியானால் மாணவர்களைப் படிப்பை முடிக்க வைப்பது எது? இதுவரை கிடைத்ததில் வலுவான விடை நியூயார்க்கிலிருந்து வந்தது. அந்நகரின் சிட்டி பல்கலைக்கழகம் 2007-இல் ‘அசாப்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. முழுநேரமாகப் படிக்க ஒப்புக்கொண்டவர்களுக்குக் உதவித்தொகை போகக் கட்டணத்தில் மீந்ததை ஈடுகட்டினார்கள், புத்தகம் தந்தார்கள், போக்குவரத்து அட்டை தந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 60 முதல் 80 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர். மற்ற மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் பல நூறு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் 896 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஆராய்ந்தது. மூன்றாண்டில் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் பட்டம் பெற்றார்கள். மற்ற குழுவில் 22 சதவீதம். ஒரு மாணவருக்கான செலவு 60 சதவீதம் அளவுக்குக் கூடியது, ஆனால் ஒரு பட்டத்துக்கான செலவு குறைந்தது. ஒஹாயோவில் மூன்று கல்லூரிகளில் செய்து பார்த்தபோதும் பட்டம் பெற்றவர்கள் விகிதம் பெரிய அளவில் உயர்ந்தது.

இதைக் கலிஃபோர்னியாவில் செய்யப் போனால் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது. ‘ஐம்பது சதவீதச் சட்டம்’ என்பார்கள். நடப்புக் கல்விச் செலவில் பாதியாவது வகுப்பறையில் பாடம் நடத்துவோர் சம்பளத்துக்குப் போக வேண்டும். நிர்வாகிகள் பெருகிவிடக்கூடாது என்பதுதான் நோக்கம், அதில் தவறில்லை. ஆனால் ஆலோசகரும் நூலகரும் வகுப்பறைக்கு வெளியே இருப்பதால், அவர்கள் சம்பளம் நிர்வாகிகள் சம்பளத்தோடு சேர்ந்து மறு பாதியில்தான் எழுதப்படுகிறது. நியூயார்க்கில் பட்டம் பெறுவோர் விகிதத்தை உயர்த்திய அதே ஆலோசகர் வேலைக்கு ஆள் எடுத்தால், இங்கே கல்லூரியை நடத்தும் உள்ளூர் அமைப்பான கல்லூரி மாவட்டம் வரம்பை மீறும் பக்கம் ஓர் அடி நகர்ந்ததாகக் கணக்கு.