துருப்பிடித்த போல்ட் செய்யும் தொல்லை

செல்போன் டவரில் இருக்கும் கேபிள், கனெக்டர், ஆன்டெனா எதற்கும் தனியாக மின்சாரம் தேவையில்லை. வந்த சிக்னலை அப்படியே கடத்திவிட்டால் போதும். ஆனால் சில சமயம் இவை யாரும் அனுப்பாத சிக்னலை உண்டாக்கிவிடும். டவர் வேலை பார்ப்பவர்கள் இதை 'பிம்' (PIM, பாசிவ் இன்டர்மாடுலேஷன்) என்பார்கள்.

நல்ல உலோகத்தில் மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் மின்னோட்டமும் இரண்டு மடங்காகும். இரண்டு உலோகங்கள் சரியாகப் பொருந்தாமல், நடுவே மெல்லிய ஆக்சைடு படலமோ துருவோ இருந்தால் இந்தக் கணக்கு தப்பும். கிழிந்த ஸ்பீக்கரில் சத்தம் கூடக் கூடக் கரகரப்பு வருவதுபோல், அலையின் வடிவம் கெட்டுப் புதிய அதிர்வெண்கள் முளைக்கும். நிக்கல், இரும்பு போன்ற காந்த உலோகங்களும் இதைச் செய்யும். அதனால்தான் நல்ல கனெக்டர்களில் நிக்கல் பூச்சைத் தவிர்க்கிறார்கள்.

சரி, புதிதாக ஏதோ முளைத்தால் என்ன? முளைக்கும் இடம்தான் வம்பு. ஜிஎஸ்எம் 900 என்ற செல்போன் அலைவரிசையில் டவர் பேசுவது 935 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை; போன்கள் பேசுவது 890 முதல் 915 வரை. ஒரே ஆன்டெனாவில் 936, 958 என இரண்டு சிக்னல்கள் போகின்றன என்று வையுங்கள். முதலாவதை இரட்டித்து இரண்டாவதைக் கழித்தால் 914. போனின் குரலை டவர் கேட்க வேண்டிய இடத்திலேயே இரைச்சல்! ஃபில்டர் போட்டு இதை நீக்க முடியாது; நீக்கினால் போனின் சிக்னலும் சேர்ந்து போய்விடும்.

அளவைப் பார்த்தால் இன்னும் வியப்பு. சோதனையின்போது தலா 20 வாட் கொண்ட இரண்டு சிக்னல்களைச் செலுத்துவார்கள். திரும்பி வரும் பிம் மைனஸ் 110 டிபிஎம்முக்குக் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சக்தியைச் சொல்லும் அலகு) கீழே இருக்க வேண்டும் என்பது வழக்கமாகக் கேட்கப்படும் அளவுகளில் ஒன்று. அது ஒரு வாட்டில் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு பலவீனமான சிக்னலையும் டவர் கேட்டாக வேண்டியிருக்கிறது. தவிர, சக்தியை 1 டெசிபெல் கூட்டினால் இந்த வகைப் பிம் ஏறக்குறைய 3 டெசிபெல் கூடும். ஆகவே கூட்டம் குறைந்த நள்ளிரவில் ஒழுங்காக இருக்கும் டவர், மாலை நெரிசலில் படுத்துவிடும்.

கண்டுபிடிக்கும் வழி கொஞ்சம் வேடிக்கையானது. பிம்மை அளக்கும் கருவியைப் பார்த்தபடியே கனெக்டர்களை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டுவார்கள். எதைத் தட்டும்போது அளவு துள்ளுகிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் சரியாக முறுக்காத கனெக்டர் அல்லது உள்ளே சிக்கிய உலோகத் துகள். கழற்றித் துடைத்து, டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) குறிப்பிட்ட அளவுக்கு இறுக்கினால் முடிந்தது.

குற்றவாளி டவருக்கு வெளியே இருந்தால்தான் தலைவலி. ஆன்டெனாவுக்கு எதிரே துருப்பிடித்த தகரமோ கம்பி வேலியோ கிடந்தால், அதுவே அலையை வாங்கிக் கெடுத்துத் திருப்பி அனுப்பும். அப்போது எல்லாக் கனெக்டரையும் மாற்றினாலும் பயனில்லை. தகரத்தை அகற்ற வேண்டும், இல்லையென்றால் ஆன்டெனாவை நகர்த்த வேண்டும்.