பதினோரு மணி டீயும் பிரிக்ஸ் மீட்டரும்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழ சீசனில் கூழ் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு, கூழின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மீட்டர் பழகிய சாமான். உள்ளங்கையில் அடங்கும். கூழில் ஒரு சொட்டு எடுத்து அதன் கண்ணாடி மேல் வைத்தால் போதும். சர்க்கரை கூடக் கூட ஒளி அதிகமாக வளையும். வளைந்த அளவு எண்ணாகத் தெரியும். அந்த எண்தான் பிரிக்ஸ். பெங்களூரா ரக மாங்கூழ் என்றால் 14 பிரிக்ஸுக்குக் குறையாமல் கேட்பார்கள்.

முதல் சீசனில் எனக்கு என் நாக்கின் மேல் பெரிய நம்பிக்கை. சின்ன வயதிலிருந்து மாந்தோப்பிலேயே வளர்ந்தவன் அல்லவா! லேபில் இருந்த அண்ணன் சிரித்துவிட்டு, "மீட்டர்ல வைக்கிறதுக்கு முன்னாடி உன் கணக்க நோட்டுல எழுதிடு தம்பி. அப்புறம் பாரு" என்றார்.

இரண்டு வாரம் எழுதினேன். காலையில் என் கணிப்பும் மீட்டரும் ஏறக்குறைய ஒட்டி வந்தன. பதினோரு மணி டீக்குப் பிறகோ எல்லாக் கூழும் எனக்குச் சப்பென்று இருந்தது. மீட்டரைவிடக் குறைத்தே எழுதியிருந்தேன். காரணம் எளிது. இனிப்பு டீ குடித்த நாக்கு கொஞ்ச நேரத்துக்கு இனிப்பை மட்டாகவே உணரும். குளிரூட்டிய அறையிலிருந்து வந்த கூழிலும் அதே தவறு. நாக்கில் இனிப்பை உணர்த்தும் பொறி சூட்டில் நன்றாகவும் குளிரில் மந்தமாகவும் வேலை செய்யும்.

ஆக, 'ருசி பார்ப்பதில் நான் கெட்டியா, மட்டமா?' என்ற கேள்வியே தப்பு. டீக்கு முன் கெட்டி, டீக்குப் பின் மட்டம்.

பிறகு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். ஆண்டுக்கொரு முறை படிவம் வரும்: உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன? பலத்தில் எல்லோரும் 'கடின உழைப்பு' என்று எழுதுவோம். பலவீனத்தில் 'வேலையில் மூழ்கி நேரத்தை மறந்துவிடுவேன்' என்று, அதையும் பலமாகவே எழுதுவோம். பொய் சொல்கிறோம் என்றுகூடச் சொல்ல முடியாது. உள்ளே எட்டிப் பார்த்தால் அதுதான் தெரிகிறது.

1999இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகரும் டேவிட் டன்னிங்கும் மாணவர்களுக்கு இலக்கணம், தர்க்கம், நகைச்சுவை ஆகியவற்றில் தேர்வு வைத்து, 'மற்றவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் எங்கே?' என்று கேட்டார்கள். கடைசிக் கால்பகுதியில் இருந்தவர்கள் சராசரியாக நூற்றில் 12 பேரைத்தான் முந்தியிருந்தார்கள். முந்தியதாக நினைத்ததோ 62 பேரை. விளக்கம் இது: ஒரு வாக்கியத்தைப் பிழையில்லாமல் எழுதத் தேவையான அறிவும், எழுதியதில் பிழை இருக்கிறதா என்று கண்டுபிடிக்கத் தேவையான அறிவும் ஒன்றேதான். அது இல்லாதவருக்குப் பிழையும் கண்ணில் படாது. இந்த முடிவில் ஒரு பங்கு வெறும் கணக்கின் விளைவு என்று பின்னால் பலர் வாதாடினார்கள். கடைசியில் இருப்பவர் தப்பாகக் கணித்தால் அது பெரும்பாலும் மேல்நோக்கித்தானே போகும்? நியாயமான வாதம். ஆனாலும் நம் மதிப்பீடும் நம் வேலையும் இறுக ஒட்டி வருவதில்லை.

நோட்டில் முன்கூட்டியே எழுதச் சொன்னாரே அண்ணன், அதற்கும் ஆதாரம் இருக்கிறது. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் போவதற்கு முன், என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று சிலரிடம் கேட்டு வாங்கிவைத்தார்கள் உளவியலாளர்கள் பாரூக் ஃபிஷ்ஹாஃபும் ரூத் பேத்தும். பயணம் முடிந்த பிறகு, 'அன்று என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா?' என்று கேட்டார்கள். நடந்ததை அன்றே ஓரளவு சரியாகச் சொல்லிவிட்டதாகவே பலருக்கும் நினைவு. மனசு பழைய கணக்கைத் திருத்தி எழுதிவிடுகிறது. நோட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

ஆலையில் தவறு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆபீஸ் வேலையில், ஆளெடுப்பது, திட்டம் போடுவது போன்றவற்றில், விடை வர ஆறு மாதம் ஆகும். அதற்குள் பழி போட வேறு பத்துக் காரணங்கள் கிடைத்துவிடும். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி க்ளைனும் 2009இல் இதைத்தான் சொன்னார்கள்: வேலையில் ஓர் ஒழுங்கும், உடனுக்குடன் விடையும் இருக்கும் இடத்தில்தான் அனுபவம் கைத்திறனாக மாறும்.

நோட்டு போடாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் அல்ல. மனசுக்குள் ஓடும் பதற்றம், கவலை நமக்குத்தான் நன்றாகத் தெரியும். அறிவுக்கூர்மை, கற்பனைத்திறன் போல நாம் ஆசையோடு மதிப்பிடும் குணங்களில் நண்பர்களின் கண்ணே மேல் என்று சிமின் வசீர் 2010இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

பலவீனத்தைத்தான் நாம் காண்பதில்லை என்று நினைக்கிறோம். பலமும் அப்படியே. அதே கார்னெல் ஆய்வில் முதல் கால்பகுதியினர் தங்கள் இடத்தைக் குறைத்தே சொன்னார்கள். தங்களுக்கு எளிதாக வந்தது எல்லோருக்கும் எளிது என்ற நினைப்பு. மற்றவர்களின் விடைத்தாள்களைத் திருத்தக் கொடுத்த பிறகுதான் தங்கள் இடத்தை உயர்த்திச் சொன்னார்கள்.

எங்கள் ஆலையில் பழம் தரம் பிரிக்கும் அக்கா ஒருவர் இருந்தார். கிரேட்டுக்குள் கையை விட்டால் வெம்பல் பழம் தனியே வந்துவிடும். எப்படி என்று கேட்டால், "எனக்கென்னா தெரியும் தம்பி, கை சொல்லுது" என்பார். ஒரு சீசனில், புதிதாக வந்தவர்கள் பிரித்த கிரேட்டுகளைச் சரிபார்க்கும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். முதல் இரண்டு நாள், வேண்டுமென்றே கவனமில்லாமல் பிரிக்கிறார்கள் என்று எல்லோரையும் திட்டித் தீர்த்தார். மூன்றாம் நாள் லேப் வாசலுக்கு வந்து, ஒரு வெம்பல் பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "ஏந்தம்பி, நெசமாவே இது அவங்களுக்குத் தெரியலியா?"