சுவரைத் தள்ளினால் பலம் வருமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் பெரியம்மாவுக்கு 58 வயது. தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிவிட்டு எழ வேண்டுமென்றால் ஒரு கை முழங்காலுக்குப் போகும், இன்னொரு கை கட்டில் காலைத் தேடும். சுவரில் கை வைத்துத் தண்டால் எடுக்கச் சொன்னபோது, "சுவத்தத் தள்ளுனா பலம் வந்துடுமாடா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

வீட்டில் எடை மெஷின் இருந்தால் அதைத் தரையில் வைத்து, இரண்டு கைகளையும் அதன்மேல் ஊன்றித் தண்டால் நிலைக்கு வந்து பாருங்கள். என் எடை 64 கிலோ. மெஷின் 42-ஐ ஒட்டிக் காட்டியது. கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. மிச்சத்தைக் கால்விரல்கள் தாங்குகின்றன. அதே மெஷினைத் திண்ணைமேல் வைத்துக் கை ஊன்றினால் எண் இருபத்தைந்து, இருபத்தாறுக்கு இறங்கிவிடுகிறது.

படுத்துக் கிடக்கும் ஏணியைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு இது புரியும். தரையிலிருந்து நுனியைக் கிளப்பும்போதுதான் கனம் தெரியும். ஏணி நிமிர நிமிர எடை அடிமுனைக்குப் போய்விடும், கடைசியில் ஒரு கை போதும். நம் உடலும் கால்விரலை அச்சாகக் கொண்ட ஏணிதான். சுவர், சமையல் மேடை, திண்ணை, படிக்கட்டு, தரை என்று கையை இறக்க இறக்கச் சுமை ஏறும். முழங்காலை ஊன்றினால் அச்சே கைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. சுமை ஏறக்குறைய பாதி எடையாகக் குறையும். ஜிம்மில் இரும்புத் தட்டு மாற்றுவதை இங்கே சாய்வு செய்கிறது. முதல் நாளே தரையில் தண்டால் எடுக்க முயன்று, இரண்டோடு விழுந்து, "நமக்கு இது ஆகாது" என்று விட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் தொடங்கிய உயரம்தான் தவறு.

சரி, சுமை கிடைத்துவிட்டது. பலம் எங்கிருந்து வருகிறது? முதல் சில வாரங்களில் பெரும்பாலும் தசையிலிருந்து அல்ல, நரம்பிலிருந்து.

தண்டுவடத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு இயக்க நரம்பணுவும் தசையில் ஒரு கொத்து இழைகளை ஆள்கிறது. சில கொத்துகள் சிறியவை, சில பெரியவை. எல்வுட் ஹென்னமன் 1965-இல் வெளியிட்ட ஆய்வுகள் இதில் ஓர் ஒழுங்கைக் காட்டின: முதலில் சிறிய கொத்துகள் வேலைக்கு வரும், அவற்றின் பலம் போதாமல் திணறும்போதுதான் பெரியவை அழைக்கப்படும். பழக்கமில்லாத உடல் அந்தப் பெரிய கொத்துகளை முழுசாகக் கூப்பிடத் தெரியாமல் இருக்கிறது. போதாததற்கு, எதிர்ப்பக்கத் தசைகளும் பயத்தில் இறுகிக்கொள்கின்றன.

கரைவலை இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நிறைய ஆட்கள் கரையில் நின்றாலும் பாதிப் பேர்தான் கயிற்றைப் பிடித்திருக்கிறார்கள், இரண்டு பேர் தெரியாமல் எதிர்ப்பக்கம் இழுக்கிறார்கள் என்றால் வலை எப்படி வரும்? பயிற்சி முதலில் செய்வது, இருக்கிற ஆட்களைக் கயிற்றுக்கு வரவழைப்பதுதான். நரம்பின் கட்டளைகளும் அடுத்தடுத்து வேகமாக வரத் தொடங்குகின்றன. ஆள் அதே ஆள், இழுப்பு மட்டும் கூடுகிறது.

இதற்கு எனக்கு மிகப் பிடித்த சான்று ஒன்று உண்டு. 1894-இல் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்ச்சரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். சும்மா இருந்த மறு கைக்கும் பலம் கூடியது! அந்தக் கை எதையும் தூக்கவில்லை. கற்றுக்கொண்டது நரம்பு மண்டலம். அதனால் முதல் மாதம் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை என்று யாரும் நிறுத்திவிட வேண்டாம்.

தசை தடிப்பது மெதுவாகத் தொடரும். இழை இழுவிசையை உணர்ந்ததும் புதுப் புரதம் கட்டும் வேலை முடுக்கிவிடப்படுகிறது. ஒன்றிரண்டு நாள் அது உயர்ந்தே இருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பயிற்சி என்பதன் காரணம் இதுதான். அந்த நாட்களில் சாப்பாட்டில் புரதம் இருக்க வேண்டும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், நூறு கிராம் மத்தி மீனில் சுமார் 20 கிராம் உண்டு. மீன் சாப்பிடாதவர்களுக்குச் சுண்டலும் தயிரும் இருக்கின்றன.

அப்புறம், அந்த வலி. முதல் நாள் தோப்புக்கரணம் போட்டவர் மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை கெஞ்சுவது, பலர் நினைப்பதுபோல், உழைக்கும் தசையில் சேரும் லாக்டிக் அமிலத்தால் அல்ல. அது ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வெளியேறிவிடும். உட்காரப் போகும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறதே, அந்தப் பழக்கமில்லாத வேலையில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதையொட்டிய வீக்கமும்தான் முக்கியக் காரணம். ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய்த் தானே அடங்கும். மூட்டில் சுருக்கென்று குத்தினால் அது வேறு விஷயம், உடனே நிறுத்துங்கள்.

இறங்கும்போது தசையால் கூடுதல் பாரம் தாங்க முடியும் என்பதைப் பெரியம்மாவுக்குப் பயன்படுத்தினோம். எழ முடியாதவரால் உட்கார முடியும் அல்லவா? நாற்காலியில் நான்கு எண்ணி மெல்ல உட்காரச் சொன்னேன். எழும்போது கையை ஊன்றிக்கொள்ளலாம். பத்து முறை, இரண்டு சுற்று. சுவர்த் தண்டாலும் அதே கணக்கு. இன்னும் இரண்டு முறை முடியும் என்னும்போதே நிறுத்திவிட வேண்டும். பன்னிரண்டு சுலபமாக வந்துவிட்டால் கையை ஒரு படி கீழே இறக்கலாம். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ஏற்கெனவே இரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்குங்கள்.

முதுகுக்கு இழுக்கும் பயிற்சியும் வேண்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து உடலை இழுக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் உப்புக்காற்று கம்பியை அடியில் அரித்துவிடும். பெயின்ட் பளபளப்பை நம்பாமல், கம்பி சட்டத்தில் இறங்கும் இடத்தை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுப் பிடியுங்கள். வெயில் காலத்தில் விடியற்காலைதான் சரி. ஈரக்காற்றில் வியர்வை உலராது, உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

ஏழாவது வாரம் நான் போயிருந்தபோது பெரியம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வாசலில் மீன்காரம்மா குரல் கேட்டது. கீரைத் தட்டை இரண்டு கையிலும் ஏந்தியபடியே எழுந்து போனார். கட்டில் கால் பக்கம் கையே போகவில்லை.