தலையில் அடிபட்ட பிள்ளையிடம் "ஓகேயா?" என்று கேட்காதீர்கள்

ஏப்ரல் பிறந்தால் என் கிளினிக்கில் பேச்சே மாறிவிடும். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பதினாறு வருடமாக பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். குளிர்காலம் முழுக்க, பனியில் வழுக்கி விழுந்தவர்களின் இடுப்பும் மணிக்கட்டும்தான் வரும். ஐஸ் ஹொக்கியில் ஸ்டான்லி கிண்ணத்துக்கான பிளேஓஃப், அதாவது பருவ முடிவில் வரும் வெளியேற்றச் சுற்றுகள், தொடங்கிவிட்டால், முதுகுக்குச் சூட்டு ஒத்தடம் வாங்கிக் குப்புறப் படுத்திருக்கும் ஐயாவும் தலையைத் தூக்கி எங்கள் ரொறன்ரோ அணியான லீஃப்ஸைப் பற்றிச் சொல்வார்: "பிள்ளை, இவங்கள் சொஃப்ற். அடிவாங்கத் தெரியாது. அதுதான் 1967க்குப் பிறகு கிண்ணம் இல்லை."

அவருடைய ஆதங்கம் எனக்கும் உண்டு. நானும் மே மாத இரவுகளில் நித்திரை முழித்து ஓவர்டைம் பார்ப்பவள்தான். ஆனால் இந்த "சொஃப்ற்" என்ற சொல் பெரியவர்களோடு நிற்பதில்லை. அது பிள்ளைகளிடம் போய்ச் சேருகிறது.

போன வருடம் வசந்தத்தில் ஒரு பதினான்கு வயதுப் பையனைத் தகப்பன் கூட்டிவந்தார். சனிக்கிழமை மட்ச்சில் ஒருவன் இடித்ததில், மைதானத்தைச் சுற்றியிருக்கும் பலகையில் போய் மோதியிருக்கிறான். "தோள் மட்டும்தான் அக்கா, வேறொன்றுமில்லை" என்றார் தகப்பன். தோளைத் தொட்டுப் பார்த்தேன், சின்னச் சுளுக்கு. ஆனால் கட்டிலில் படுத்த பையன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தான். மேலே இருந்த விளக்கு அவனுக்குக் கூசியது. விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா கேட்பதுபோல் கேட்டேன்: "அப்பன், மட்ச் யார் வென்றது?"

கொஞ்சம் யோசித்தான். "நாங்கள்தான், அன்ரி."

தகப்பன் மெதுவாகச் சொன்னார்: "இல்லையடா, தோத்ததெல்லோ."

அந்த அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அடிபட்டபின் அவன் மூன்றாவது பகுதி முழுவதும் விளையாடியிருக்கிறான். பெஞ்சில் "ஓகேயா?" என்று கேட்டிருக்கிறார்கள், "ஓகே" என்றிருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, "பெர்ஜரோன் நுரையீரல் ஓட்டையோட விளையாடினவர், அன்ரி" என்றான். யூடியூப்பில் பார்த்திருக்கிறான்.

அவன் சொன்னது உண்மை. 2013 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் பொஸ்டன் அணியின் பற்றீஸ் பெர்ஜரோன் உடைந்த விலா எலும்பு, கிழிந்த குருத்தெலும்பு, விலகிய தோள், துளைபட்ட நுரையீரல் எல்லாவற்றோடும் விளையாடினார். ஆட்டம் முடிந்து ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். அதே வருடம் அதே அணியின் கிரெகரி கம்பெல், எதிரணியின் மல்கின் அடித்த பக்கை, அதாவது ரப்பர் வட்டை, தடுக்கப்போய்க் கால் எலும்பு உடைந்து, மாற்று ஆட்டக்காரர் இறங்கும் வரைக்கும் ஒற்றைக் காலில் ஒரு நிமிடத்துக்குக் கிட்ட நின்று தாக்குப்பிடித்தார். அரங்கமே அவர் பெயரைக் கூவியது. ரொறன்ரோக்காரர்களுக்கு இன்னும் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1964இல் லீஃப்ஸ் ஆட்டக்காரர் பொபி போன், எதிரணியின் கோர்டி ஹவ் அடித்த பக் காலில் பட்டு ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்லப்பட்டார். காலை மரக்கச்செய்து கட்டுப்போட்டுக்கொண்டு திரும்பி வந்து, ஓவர்டைமில் வெற்றிக் கோலை அடித்தார். லீஃப்ஸ் அந்தத் தொடரை வென்றது. எலும்பு உடைந்தது உறுதியானது பிறகுதான்.

கிண்ணத்தை வெல்ல நான்கு சுற்று, ஒவ்வொன்றிலும் நான்கு வெற்றி, இரண்டு மாதம். அதற்கு முன்னரே பருவம் முழுக்க ஆடிக் களைத்த உடம்போடு இதைத் தாண்டுபவர்களைப் பார்த்து மனம் உருகுவது இயல்பு. நான் அதைக் குறை சொல்லவில்லை. துளைபட்ட நுரையீரல் உயிருக்கே ஆபத்து என்பதையும் சொல்லாமல் விட முடியாது. ஆனாலும் பெர்ஜரோன் தன் வலியை எடைபோட்டுப் பார்த்து, தெளிந்த புத்தியோடு ஒரு முடிவெடுத்தார். விலாவும் காலும் உடைந்தவனுக்கு அந்தத் தெளிவாவது மிஞ்சும். தலையில் அடிபட்டவனுக்கு அது மிஞ்சாது. முடிவெடுக்கிற உறுப்பிலேயே அடி விழுந்திருக்கிறது. அந்தப் பையன் என்னிடம் பொய் சொல்லவில்லை. வென்றதாகத்தான் அவன் நம்பியிருந்தான்.

கன்கஷன் என்று நாம் சொல்லும் மூளை அதிர்வு எக்ஸ்ரேயில் தெரியாது. சிரி ஸ்கானிலும் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. ஹெல்மெற் மண்டையோடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது. தண்ணீர்ப் போத்தலைச் சுற்றி எவ்வளவு பஞ்சு கட்டினாலும் ஆட்டினால் உள்ளே தண்ணீர் ஆடத்தானே செய்யும். மயங்கி விழுந்தால்தான் கன்கஷன் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். அனேகமானவர்கள் மயங்குவதே இல்லை.

பொஸ்டன் அணியிலேயே இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2010 மார்ச்சில் மார்க் சவார்ட்டின் தலையில் மோசமான இடி விழுந்தது. இரண்டு மாதம் கழித்து பிளேஓஃபுக்குத் திரும்பி வந்து, முதல் நாளே ஓவர்டைமில் கோல் அடித்தார். அரங்கம் வெடித்தது. அடுத்த ஜனவரியில் இன்னோர் இடி. அதோடு அவர் திரும்ப விளையாடவே இல்லை. அந்த ஜூனில் பொஸ்டன் கிண்ணத்தை வென்றபோது அவர் வெளியே இருந்தார். அந்தக் கோலை யூடியூப்பில் தேடிப் பார்க்கும் பிள்ளைக்கு மீதிக் கதையையும் நாங்கள்தான் சொல்லவேண்டும்.

2025 மே மாதம் புளோரிடா அணியோடு நடந்த பிளேஓஃப் தொடரின் முதல் ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும். லீஃப்ஸ் கோல்காப்பாளர் அன்தனி ஸ்டோலார்ஸின் தலையில் புளோரிடாவின் சாம் பெனெட்டின் கை பட்டது. ஸ்டோலார்ஸ் உடனே வெளியேறவில்லை. கொஞ்ச நேரம் நின்று விளையாடினார். பிறகு பெஞ்சருகே சத்தி எடுத்தார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயர்மட்ட ஆட்டத்தில், டொக்டர்களும் கமராக்களும் சூழ்ந்திருந்த இடத்திலேயே இப்படி. அடுத்த நாள் கிளினிக்கில் இரண்டு கேள்விதான் கேட்டது: பெனெட்டுக்கு யார் திருப்பி அடிப்பது, ஸ்டோலார்ஸ் எப்போது வருவார். அந்த மனுசனுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரேயொரு அம்மாதான் கேட்டார். அவருக்கு ஹொக்கி விளங்காது. அந்தத் தொடர் ஏழாவது ஆட்டத்தில் 6-1 என்று சொந்த மண்ணிலேயே தோற்று முடிந்தபோது, ரசிகர்கள் ஜேர்சியைக் கழற்றி ஐஸில் எறிந்தார்கள். மறுநாள் அதே "சொஃப்ற்".

பிள்ளைகளின் மட்ச்சிலும் இதுதான் நடக்கிறது. ஐஸில் ஒரு பையன் விழுந்து கிடப்பான், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு தகப்பன் தட்டுவார்: "எழும்பு! எழும்பு!" பாசத்தில்தான் தட்டுகிறார், எனக்குத் தெரியும். ஆனால் எழும்பினால்தான் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று அவன் மனதில் அது பதிந்துவிடும்.

ஒன்ராறியோவில் இதற்கென்று ரோவன் சட்டம் இருக்கிறது. ரோவன் ஸ்ட்ரிங்கர் ஒட்டாவாவைச் சேர்ந்த 17 வயது றக்பி வீராங்கனை. 2013 மே மாதம், சில நாட்களுக்குள் திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டு இறந்துபோனார். முதல் அடி ஆற முன்னரே அடுத்த அடி விழுந்தால், அரிதாக இளம் மூளை சடுதியாக வீங்கிவிடும். தனக்குக் கன்கஷனாக இருக்கலாம் என்று அவர் நண்பர்களிடம் சொல்லியிருந்தார். பெரியவர்களுக்கு அது தெரியவரவில்லை. இப்போது 26 வயதுக்குட்பட்ட விளையாட்டுக்காரர்களும், 18க்குட்பட்டவர்களின் பெற்றோரும், பயிற்சியாளர்களும் ஒவ்வொரு வருடமும் கன்கஷன் தகவலை வாசித்து உறுதிப்படுத்தவேண்டும். பதிவுப் படிவத்தோடு வருவதால் பலர் வாசிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். தயவுசெய்து ஒருநாள் உட்கார்ந்து பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள்.

அடிபட்ட பிள்ளையிடம் "ஓகேயா?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் வரும். எத்தனையாவது பகுதி நடக்கிறது, கடைசிக் கோல் யார் அடித்தது என்று கேளுங்கள். வெளிச்சம் கூசுகிறதா, தலையிடிக்கிறதா, நடை தள்ளாடுகிறதா, வழக்கத்துக்கு மாறாக எரிந்து விழுகிறானா என்று பாருங்கள். கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாலும், சந்தேகம் என்று வந்துவிட்டால் அன்றைக்கு ஆட்டம் இல்லை. திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தாலோ, தலையிடி கூடிக்கொண்டே போனாலோ, வலிப்பு வந்தாலோ, கழுத்து வலித்தாலோ, கை கால் விறைத்தாலோ, எழுப்பக் கஷ்டமாக இருந்தாலோ காத்திருக்காமல் 911ஐ அழையுங்கள். மற்றவர்களுக்கு முதல் ஓரிரு நாள் ஓய்வு, அப்புறம் மெதுவான நடை, பிறகு படிப்படியாகப் பள்ளிக்கூடம், அதன்பின் ஐஸ். இடிபடும் ஆட்டத்துக்குத் திரும்ப டொக்டர் அல்லது நேர்ஸ் பிரக்டிஷனர் அனுமதி தரவேண்டும். பிசியோவான எனக்கு அந்தக் கடிதம் எழுத அனுமதி இல்லை. "நீங்களே ஒன்று எழுதித் தாங்கோ அக்கா, சனிக்கிழமை செமிஃபைனல்" என்று யாரும் கேட்காதீர்கள்.

அந்தத் தகப்பனும் கேட்டார். பிறகு அவரே வேண்டாம் என்றார். பையன் அழுதான். முதல் வாரம் பதினைந்து நிமிட நடைக்கே தலையிடித்தது. நான்காம் வாரம் தனியாக ஸ்கேற் பண்ணினான். அவனில்லாமல் அணி இறுதி ஆட்டத்துக்குப் போனது. அன்று அவன் ஜேர்சியைப் போட்டுக்கொண்டு பெஞ்சுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொருவன் உள்ளே வரும்போதும் கதவைத் திறந்து தண்ணீர் போத்தலை நீட்டினானாம். தகப்பன் படம் அனுப்பியிருந்தார். கீழே ஒரு வரி: "அக்கா, இன்றைக்கு யார் வென்றது என்று வடிவாகச் சொல்லுறான்."